அக்கா படம் ஹாலிலேயே இருக்கட்டும்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரன் பக்கம் படிப்பது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். இப்போது வீட்டில் பெண்ணுக்குக் கல்யாண வயது என்பதால் அதற்கு ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது. ஆனால் என் கண் முதலில் போவது மறுமணம் என்று தனியாகக் கட்டம் கட்டியிருக்கும் மூலைக்குத்தான். வயது, படிப்பு, நட்சத்திரம், சொந்த வீடு, சம்பளம் எல்லாம் வரிசையாக வந்து முடிந்தபின், கடைசியில் இடம் இருந்தால் போடலாம் என்பது போல ஒரு வரி இருக்கும். ஒரு பெண் குழந்தை, பாட்டியிடம் வளர்கிறது. ஆண் குழந்தை உண்டு, பொறுப்பு இல்லை. குழந்தை இல்லாதவர் மட்டும் தொடர்புகொள்ளவும். திருமணத் தகவல் இணையதளங்களில் இதற்கென்றே தனிக் கேள்வி வைத்திருக்கிறார்கள்: குழந்தை உண்டு, சேர்ந்து வசிக்கிறது, குழந்தை உண்டு, சேர்ந்து வசிக்கவில்லை. இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவருக்கு மார்க்கெட் கொஞ்சம் கூடுதல். மனை வாங்கும்போது வில்லங்கம் இல்லை என்று சான்றிதழ் போட்டுத் தருவார்களே, அந்தத் தொனி.

என் கல்யாணத்தைப் பேசி முடித்த தரகரும் அதையேதான் சொன்னார். "குழந்தையப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா, அது ஆயா வீட்டோட போயிடும்." எனக்கு அப்போது 33 வயது. அப்பாவின் வைத்தியச் செலவு, தம்பியின் படிப்பு, ஜாதகத்தில் செவ்வாய் என்று எல்லா வீட்டிலும் சொல்லும் காரணங்களால் தள்ளிப்போன கல்யாணம். மனைவியை இழந்து, ஒன்பது வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டதில் தியாகம் எதுவும் இல்லை. அவரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். பெண் பார்க்க வரும்போது குழந்தையையும் கையோடு கூட்டி வந்திருந்தார். அது பஜ்ஜியிலிருந்து வாழைக்காயை மட்டும் உருவித் தின்றுவிட்டு, வெறும் மாவை ஒவ்வொன்றாக அப்பா தட்டில் அடுக்கியது. அவர் அதைப் பேசாமல் தின்றார். ஆயா வீட்டுக்கு, அதாவது அம்மா வழிப் பாட்டி வீட்டுக்கு, அனுப்புகிற பேச்சு வேண்டாம் என்று நான் சொன்னதும் நல்ல மனசு, நல்ல மனசு என்றார்கள். அப்பா இங்கே இருக்கும்போது பிள்ளை எதற்கு இன்னொரு வீட்டில் வளர வேண்டும்? இதற்கு நல்ல மனசு எதற்கு?

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெரம்பூர் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த அக்காவின் படத்தை என் மாமியார் கழற்றிப் பரணில் வைத்துவிட்டார். அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் முதல் மனைவியை. புதுப்பெண் வலது காலை எடுத்து வைத்து வரும்போது எதிரில் மாலை போட்ட படம் இருக்கக் கூடாதாம். எனக்காகத்தான் செய்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் படம் இருந்த இடத்தில் மட்டும் சுவர் வெளுக்காமல் பச்சைப் பசேலென்று ஒரு சதுரம் தெரிந்தது. குழந்தை சாப்பிடுவதும் வீட்டுப்பாடம் எழுதுவதும் அந்தச் சுவருக்கு எதிரில்தான். ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் மாமியாரிடம் படத்தை எடுத்து மாட்டிவிடலாம் என்றேன்.

"உனக்கு ஒரு மாதிரி இருக்காதாம்மா?"

"இருக்கும் அத்தை. பழகிடும்."

உண்மையில் பழக நாளாயிற்று. சொந்த வீட்டில் நம்மைவிட அழகான ஒருத்தி, நம்மைவிட வயது குறைந்தவளாகவே எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பது லேசான காரியமில்லை. ஆனாலும் இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: புதிதாக ஒருவர் வருவதை எந்தக் குழந்தையும் எப்படியோ தாங்கிக்கொள்ளும். போனவரை வீட்டிலிருந்து துடைத்து எடுப்பதைத்தான் தாங்காது. மாற்றாந்தாய்க் கொடுமை என்று ஊர் சொல்வதில் பாதி, பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்துகிற இந்தத் துடைப்பு வேலைதான்.

நமக்குக் கதைகளும் ஒரு பக்கமாகவே பழகியிருக்கின்றன. அப்பா மடியில் ஏறப்போன துருவனை இறக்கிவிட்ட சுருசியைத் தெரியும், கைகேயியைக் கேட்கவே வேண்டாம். யட்சன் ஒரு தம்பியை மட்டும் பிழைக்க வைக்கிறேன் என்றபோது, தன் தாய் வயிற்றுப் பிள்ளைகளான பீமனையும் அர்ஜுனனையும் விட்டுவிட்டு மாத்ரியின் மகன் நகுலனைக் கேட்ட தர்மனை யாரும் இந்தப் பேச்சில் இழுப்பதில்லை. நம் மணிமேகலையையும்தான். அவளைப் பெற்றவள் மாதவி. ஆனால் ஊர் வம்புக்குப் பதில் சொல்லும்போது மாதவி அவளை மதுரையை எரித்த மாபெரும் பத்தினியின் மகள் என்கிறாள். அந்தப் பெண்ணும் பின்னால் வஞ்சிக்குப் போய்க் கண்ணகி கோயிலில் நின்று தாயிடம் கேட்பது போலக் கேட்கிறாள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடமாகப் படித்த சங்கதி. எனக்கு அது உறைத்தது கல்யாணமாகி வந்து, படத்துக்குப் பூ வாங்கும் வேலை என் தலையில் விழுந்த பிறகுதான்.

ஆயா விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் அம்மா அயனாவரத்தில் இருந்தார். மகள் போனதிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு நடந்தே வந்து பேத்திக்குத் தலை பின்னிவிட்டுப் போவார். நான் வந்த பிறகும் அது நிற்கவில்லை. சின்ன பாட்டிலில் எண்ணெய், பல் நெருக்கமான மரச் சீப்பு, இரண்டு ரிப்பன், எல்லாம் அவர் பையிலேயே வரும். எங்கள் வீட்டுச் சீப்பைத் தொட மாட்டார். என்னோடு பேச மாட்டார். தாகமெடுத்தால் பேத்தியிடம், "உங்க வூட்ல தண்ணி இருக்குதா கேளு" என்பார். நான் அடுப்படியிலிருந்து சொம்பை நீட்டுவேன், குழந்தை வாங்கிக் கொடுக்கும். மூன்று பேரும் நாலடி தூரத்தில்தான் இருப்போம்.

எதிர் வீட்டு அம்மா, என் சொந்த அம்மா, அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் என்று ஆளாளுக்கு ஒரே புத்திமதி சொன்னார்கள். அந்தக் கிழவியை நிறுத்து, அது வரும் வரைக்கும் பிள்ளை உன்னிடம் ஒட்டாது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா வழியில் அந்தக் குழந்தைக்கு மிச்சமிருந்தது ஆயாவும் ஒரு மாமாவும்தான். அவர்களையும் வெட்டிவிட்டு என்னிடம் ஒட்ட வைத்தால், வேறு போக்கிடம் இல்லாமல் ஒட்டியதாகத்தானே ஆகும்? தவிர, பெரம்பூரில் ரயிலைப் பிடித்துப் பாரிமுனைக்கு வேலைக்கு ஓடுகிறவளுக்குக் காலையில் ஒருவர் வந்து இரட்டைப் பின்னல் போட்டுக்கொடுத்தால் கசக்குமா என்ன? கொள்கை பாதி, சௌகரியம் பாதி.

ஆயாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது நான் பின்னிவிட்டேன். மறுபடி வந்த அன்றைக்கு ஆயா பேத்தியைத் திருப்பி உட்கார வைத்து, தலையை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, முதல்முறையாக என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "வகுடு எட்துக்கவே தெரிலியேம்மா உனுக்கு. மூக்குல ஆரம்பிச்சு நேரா பின்னால இஸ்துகினு போவணும்." திட்டுதான். ஆனால் அன்றிலிருந்து தண்ணீர் கேட்பது நேராக என்னிடம்தான்.

இந்த மாதிரிக் குடும்பங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்க ஆராய்ச்சிதான், அங்கேதான் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியலாளர் 1970களில் தொடங்கி ஏறக்குறைய முப்பது வருடம், சுமார் 1,400 குடும்பங்களைப் பார்த்தவர். விவாகரத்து, மறுமணம் ஆன குடும்பங்களின் பிள்ளைகளில் கால்வாசிப் பேருக்குக் கடுமையான மனச் சிக்கலோ நடத்தைச் சிக்கலோ இருந்தது; பெற்றோர் பிரியாத குடும்பங்களில் அது பத்தில் ஒருவருக்கு. இரண்டு மடங்குக்கும் மேல், மறுப்பதற்கில்லை. ஆனால் மீதி முக்கால்வாசிப் பேர் சாதாரணமாக வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டார்கள். கல்யாண வீட்டில் என்னைத் தனியே கூப்பிட்டுப் 'பொண்ணு எப்படி இருக்கு, அடங்குதா?' என்று விசாரித்தவர்களுக்கு அந்த முக்கால்வாசி கண்ணிலேயே படாது. அமெரிக்கக் கணக்கு அயனாவரத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நானும் சொல்லவில்லை. அங்கே வார இறுதியில் இரண்டு வீட்டுக்கும் மாறி மாறிப் போகிற பிள்ளை. இங்கே ஆயா, அத்தை, மாமா என்று பத்துப் பேர் கருத்துச் சொல்லும் நடுவில் வளர்கிற பிள்ளை. எது கஷ்டம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்த ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்ப வருகிற இரண்டு விஷயங்கள் எங்கள் வீட்டுக்கு அச்சு அசலாகப் பொருந்தின. ஒன்று காலம். பாட்ரிசியா பேப்பர்நௌ என்ற உளவியலாளர் இப்படி ஒட்டவைத்த குடும்பம் ஒரு நிலைக்கு வர, வேகமாகப் போனாலே நாலு வருடம் ஆகும் என்கிறார். நம்மூரில் மறுவீடு முடிந்த மறுநாளே, "அம்மான்னு கூப்புடு கண்ணு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பெரியவள் (அக்காவின் மகளைத்தான் சொல்கிறேன், எனக்குப் பிறந்த பையன் சின்னவன்) என்னை சித்தி என்றுதான் கூப்பிட்டாள், இப்போதும் அப்படித்தான்.

இன்னொன்று கண்டிப்பு. புதிதாக வந்தவர் முதல் சில வருடம் பிரம்பைத் தொடக் கூடாது, கண்டிக்க வேண்டியதை எல்லாம் பெற்றவர்தான் கண்டிக்க வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லாரும் ஒத்துக்கொண்ட முடிவு. நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர். மனைவி போன துக்கத்தில் பிள்ளையின் கண்ணில் தண்ணீர் வந்தாலே உருகிப்போகிற அப்பா, மறுமணம் ஆனதும் அப்பாடா என்று எழுந்து, டிவியை அணை, படி, சாப்பிடு எல்லாவற்றையும் புதியவளிடம் ஒப்படைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். கொடுமைக்காரச் சித்தி என்று ஒருத்தி தானாக உருவாவதில்லை. வீட்டில் வாயைத் திறக்காத அப்பா ஒருவர் அவளை உருவாக்குகிறார். இதைக் கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

என் கணவர் நல்லவர், ஆனால் இதே ரகம். பெரியவள் ஆறாம் வகுப்பில் பரீட்சை நேரத்தில் இரவு பதினோரு மணி வரை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் என்னைப் பார்ப்பார். நான் அவரைப் பார்ப்பேன். கடைசியில், "சித்தி சொல்றதக் கேளும்மா" என்பார். சித்தி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். ஒருநாள் மாடிக்கே போய்ச் சொன்னேன்: "நான் சொன்னா அது கொடுமை. நீங்க சொன்னாதான் அது வளர்ப்பு. கீழ வந்து நீங்களே சொல்லுங்க." வந்தார். கேபிள் ஒயரைப் பிடுங்கினார். பெண் அழுதது, இவரும் கண் கலங்கினார், நான் பால் காய்ச்சினேன். அதற்கப்புறம் கண்டிப்பு அவர் இலாகா. எனக்குக் கிடைத்தது கதை பேசுகிற இலாகா. எங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று சரியாக நடந்தது என்றால் அது இந்தப் பாகப்பிரிவினைதான்.

அவர்கள் ஊர் ஊத்துக்கோட்டைப் பக்கம். அங்கே, ஏன், வட தமிழ்நாடு முழுக்கவே பூவாடைக்காரி கும்பிடுவார்கள். வீட்டில் சுமங்கலியாகவோ கன்னியாகவோ செத்துப்போன பெண்ணைக் கல்யாணம் காட்சிக்கு முன்னால் நீர்நிலைக்குப் போய்ப் பம்பை உடுக்கையோடு அழைத்து வந்து, கலசம் வைத்து, புடவை, பூ, பலகாரம் படைப்பது. கல்யாணமான அடுத்த ஆடியில் அக்காவுக்குப் படையல் வைத்தார்கள். மூத்தாளுக்கு இளையாள் செய்ய வேண்டிய மரியாதை என்றார் மாமியார். புடவை எடுக்கப் புரசைவாக்கம் போனோம், நானும் பெரியவளும். கடைக்காரர் மஞ்சளாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அது பேசாமல் அத்தனையையும் தள்ளிவிட்டு, கத்திரிப்பூ நிறத்தில் ஒன்றை இழுத்தது. "அம்மாக்கு இந்தக் கலர்தான் புடிக்கும். உங்களுக்கு நல்லாருக்காது." சரி என்றேன். எனக்குக் கட்டிக்கொள்ள எடுக்கவில்லையே.

ஆனால் படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்ட வேண்டும் என்பது முறை. பூசை முடிந்ததும் மாமியார் அதை எடுத்து என்னிடம் நீட்டினார். திண்ணையில் ஆயா உட்கார்ந்திருந்தார். கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள், யாரும் யாரையும் பார்க்காத மாதிரி எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புடவையை வாங்கிக்கொண்டுபோய் ஆயா மடியில் வைத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், "கட்டிக்க. கஞ்சி போடாம தொவை, சாயம் போயிடும்" என்று என் கையில் கொடுத்தார். பெரியவள் சொன்னது சரிதான், அந்த நிறம் எனக்கு நன்றாக இல்லை. வருடத்தில் ஒருநாள் கட்டுகிறேன்.

இப்படிக் கிராமத்துச் சாமிக்குத் தெரிந்த அளவுகூட ஆஸ்பத்திரிப் பாரத்துக்குத் தெரியாது. பெரியவளுக்குப் பதினைந்து வயதில் ராத்திரி திடீரென்று வயிற்று வலி. அவர் வேலையாக நாக்பூர் போயிருந்தார். ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். குடல்வால், உடனே அறுக்க வேண்டும் என்றார் டாக்டர். கவுன்ட்டரில் இருந்தவர் பாரத்தை நீட்டி, "அம்மாதானே, இங்க சைன் பண்ணுங்க" என்றார். ஸ்ட்ரெச்சரில் இருந்தது வலியில் "சித்தி" என்று கூப்பிட்டுவிட்டது. பாரம் திரும்ப உள்ளே போய்விட்டது. அப்பா எங்கே, ரத்த சம்பந்தம் வேறு யாரும் இல்லையா, என்று ஆரம்பித்தார். போன் போட்டு, அவர் லைனில் கிடைக்காமல், கடைசியில் அயனாவரத்திலிருந்து ஆயா வந்து சேர்ந்தார். ஆயாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. "இன்னா எழுதிக்கீது, நீ படி" என்றார். கவுன்ட்டர்காரர் பார்த்துக்கொண்டிருக்க, என்னைப் போட விடாத பாரத்தை நான் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். ஆயா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். சட்டப்படி பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு ஆயாவும் கார்டியன் இல்லை. அதை யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1956ஆம் வருடத்து இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் ஆறாவது பிரிவு, இயற்கைக் காப்பாளர் யார் என்று சொல்லிவிட்டு, அடியில் ஒரு விளக்கமும் வைத்திருக்கிறது: இங்கே தகப்பன், தாய் என்பதில் மாற்றாந்தகப்பனும் மாற்றாந்தாயும் சேரமாட்டார்கள். வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்குப் போய்க் காப்பாளராக நியமித்துக்கொண்டு வர வேண்டும். ஆனால் 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் பெற்றோர் என்றால் மாற்றாந்தாயும் உண்டு. அதாவது நாளைக்குப் பெரியவள் எனக்குச் சோறு போடாவிட்டால் நான் மனுப் போடலாம். அவள் வயிற்று வலிக்குப் பாரத்தில் கையெழுத்துப் போட மட்டும் நான் ஆளில்லை. இதைவிட வேடிக்கை, அதே 1956இல் வந்த தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம். அதில் பிள்ளைகள் காப்பாற்ற வேண்டிய பெற்றோரில் மாற்றாந்தாயும் உண்டு, ஆனால் அவளுக்குச் சொந்தப் பிள்ளை இருக்கக் கூடாது. எனக்குச் சின்னவன் பிறந்த அன்றைக்கே அந்த உரிமை போயிற்று. பிரசவ வார்டில் யாரும் சொல்லவில்லை.

விவாகரத்துக்குப் பின் மறுமணம் என்றால் கதை வேறு. போனவர் அங்கே உயிரோடு இருக்கிறார், படத்தில் சிரிக்கிறவரைவிட அவரைச் சமாளிப்பது கஷ்டம். என்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் மகன், அப்பாவைப் பார்ப்பதற்காக முதலில் உயர்நீதிமன்ற வளாகத்துக் குடும்ப நீதிமன்றத்துக்குச் சனிக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தான். இப்போது அப்பாவோடு நேராகக் கடற்கரைக்குப் போகிறான். அவள் இரண்டாவது கல்யாணம் செய்தபோது பெரிய சண்டையாக வந்தது இனிஷியல். வடக்கே குடும்பப் பெயர் மாதிரி நமக்கு இந்த ஒற்றை எழுத்து. புது மனிதரின் அம்மா அதை மாற்றச் சொன்னார். தத்தெடுத்துவிடலாம் என்றும் பேசினார்கள். அதற்குப் பெற்ற தகப்பன் சம்மதம் வேண்டும், இந்து தத்தெடுப்புச் சட்டப்படி தத்துப் போனால் பிறந்த குடும்பத்து உறவு அறுந்துவிடும், ஏற்கெனவே ஆண் பிள்ளை உள்ளவர் அந்தச் சட்டத்தின்கீழ் இன்னொரு ஆண் பிள்ளையைத் தத்தெடுக்கவும் முடியாது என்று வக்கீல் சொன்னதும் பேச்சு நின்றது. (சிறார் நீதிச் சட்டத்தின் வழியாக மாற்றாந்தகப்பன் தத்தெடுக்க வேறு பாதை இருக்கிறது, அதற்கும் பெற்றவர் சம்மதம் தேவை.) அந்தப் புது மனிதர் கடைசியில், "இனிஷியல் அவனோடது, அவன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். இன்றைக்கு அந்தப் பையன் பைக் ஓட்டக் கற்றுக்கொள்வது அவரிடம்தான்.

2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆந்திரத்தில் கணவனை இழந்து மறுமணம் செய்த ஒரு தாய். பிள்ளைக்குப் பழைய குடும்பப் பெயரையே வைக்க வேண்டும், புதுக் கணவரை ஆவணங்களில் மாற்றாந்தகப்பன் என்றுதான் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அப்படிக் காட்டச் சொல்வது ஏறக்குறைய கொடுமை, பிள்ளையின் மனதை யோசிக்காத செயல் என்றது உச்ச நீதிமன்றம். பெயரைத் தீர்மானிப்பது தாயின் உரிமை என்றும் சொன்னது. ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் நின்றவளுக்கு அதைப் படித்தபோது வயிறு குளிர்ந்தது. ஆனால் அந்த வழக்கில் எதிர்த்தரப்பு, செத்துப்போன மகனின் பெயராவது பேரனிடம் இருக்கட்டும் என்று நினைத்த தாத்தா பாட்டி. எங்கள் ஆயாவின் ஞாபகம் வராமல் இருக்குமா?

சின்னவன் பிறந்தபோது பெரியவளுக்குப் பதினொரு வயது. 'இனிமேதான் வேஷம் கலையும்' என்று காத்திருந்தவர்கள் உண்டு. வித்தியாசமே இல்லை, இரண்டு பிள்ளையும் ஒன்றுதான் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அவனைத் தூக்கும்போது யோசிக்காமல் தூக்குவேன். அவளிடம் எப்போதும் ஒரு நொடி யோசிப்பேன். அந்த ஒரு நொடி அவளுக்கும் தெரியும். ஆனால் திட்டும்போதும் யோசித்துத்தான் திட்டினேன், அதனால் அவளுக்கு அவனைவிட நியாயம் கூடுதலாகவே கிடைத்தது. அவன் அந்தப் படத்துக்குப் பெரியம்மா என்று சொல்லித்தான் பூ வைக்கிறான்.

சொத்து விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த நிலையில் இருக்கிற பெண்களுக்கு உபயோகப்படும். உயில் எழுதாமல் நான் செத்துப்போனால் என் சம்பாத்தியத்தில் பெரியவளுக்கு நேராகப் பங்கு கிடையாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் பெண்ணின் வாரிசு என்று முதலில் வரும் மகன், மகளில் கணவனின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகன், மகள், கணவன் யாருமே இல்லாதபோது, கணவனின் வாரிசு என்ற வகையில்தான் வர முடியும். அதனால் உயில் எழுதிவிடுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை. நான் சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பதிந்தே வைத்துவிட்டேன். பெரியவள் படித்துப் பார்த்துவிட்டு, நகையில் அவளுக்கு எழுதியிருந்த பழைய நெளி மோதிரம் வேண்டாம், ஜிமிக்கிதான் வேண்டும் என்றாள். திருத்தவில்லை. ஜிமிக்கி நான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த மொத்தக் கதையிலும் எங்களைத் திணறடித்தது சட்டமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, தாய்மாமன் சீர். பெரியவள் வயதுக்கு வந்தபோது குச்சு கட்டுவது யார்? முறைப்படி அக்காவின் தம்பி. ஆனால் என் தம்பியும் மாமாதான், கல்யாணமானதிலிருந்து தீபாவளிக்குப் பட்டாசு வாங்கிக் கொடுப்பவன் அவன்தான். அவன் தாம்பூலத்தட்டு, பட்டுப்பாவாடை எல்லாம் எடுத்துவிட்டான். என் அம்மா, "நம்ம புள்ளைக்கு மரியாதை இல்லாத எடத்துல நமக்கென்ன வேலை" என்று ஆரம்பித்தார். அங்கே அயனாவரத்தில், "எங்க அக்கா பொண்ணுக்கு வேற எவனோ மாலை போட்டா நான் படியேற மாட்டேன்" என்று அந்தத் தம்பி. என் கணவர் வழக்கம் போல மொட்டை மாடியைப் பார்த்தார்.

தீர்த்து வைத்தது ஆயாதான். தென்னங்கீற்றை முதலில் பிடிப்பது தன் மகன், மறு பக்கம் கட்டுவது என் தம்பி, மாலை முதலில் அவன், சீர்த்தட்டு இரண்டும் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில். "ரெண்டு மாமன் வந்தா பொண்ணுக்கு என்னா நட்டம், ரெண்டு பட்டுப்பொடவை" என்றார். கீற்றுக் கட்டும்போது இரண்டு பேரும் முடிச்சை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் குச்சு கோணலாக நின்றது. போட்டோவில் இப்போதும் அப்படித்தான் தெரிகிறது.

இப்போது வரன் பார்க்க ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது, நாளைக்கு இவள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் யார் என்று. அதில் யாருக்கும் குழப்பமே இல்லை, சின்னவன்தான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். காது குத்து, மடியில் உட்கார வைப்பது, தாய்மாமன் சீர், கம்மல், மோதிரம் என்று பெரியவர்கள் அவனுக்குக் கடமையை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் போனில் பவுன் விலையைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீ ஒரே புள்ளையோட நிறுத்திக்கோ" என்றான்.